எழுத்துப்பிழை போக்கும் விளையாட்டுகள்: தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் கேள்விகளும் ஒரு தமிழாசிரியரின் பதில்களும்

மூன்றாம் வகுப்பு. சொல்வதெழுதுதல் என்றாலே பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. மாற்று இருக்கிறதா ஐயா?

‘ஓடி எழுது’ வைத்துப் பாருங்கள். குழுவுக்கு நான்கு பேர். ஆறு சொற்களைப் பெரிதாக எழுதி, பிள்ளைகளின் கண் உயரத்தில் வராந்தாச் சுவரில் ஒட்டுங்கள். ஒருவர் ஓடிப்போய் ஒரே ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும், அடுத்தவர் எழுத வேண்டும், மற்ற இருவரும் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை மாறும். குழுவுக்குக் குழு சொல்வரிசையை மாற்றி ஒட்டாவிட்டால் பக்கத்துக் குழுவின் சத்தத்தைக் கேட்டே எழுதிவிடுவார்கள்.

பெரும்பாலும் இது கெடுவது ஓரிடத்தில்தான். ஓடி வந்தவன் ‘பல்லி’ என்பான், எழுதுபவள் ‘பள்ளி’ என்று எழுதுவாள். அதனால் சொல்லோடு எழுத்தையும் சொல்லியாக வேண்டும் என்று விதி வையுங்கள்: ‘மூணு சுழி ண’, ‘பெரிய ற’, ‘சிறப்பு ழ’. அந்த விதி இருந்தால்தான் ஓடுகிறவன் சுவரில் எழுத்தை உற்றுப் பார்ப்பான். முதல் வாரம் ல, ள, ழ மட்டும். ண, ந, ன அடுத்த வாரம். இரண்டையும் ஒரே நாளில் கலக்காதீர்கள்.

சொல் சங்கிலி விளையாடினால் நாலைந்து சொல்லில் நின்றுவிடுகிறது.

நிற்கத்தான் செய்யும். மரம், மயில் என்று போய் ‘ல்’ வந்ததும் வழி அடைபடும். ல, ள, ழ, ண, ன, ர, ற ஆகியவை தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. அதையே விதியாக்கிவிடுங்கள்: அடைக்கும் சொல்லைச் சொன்னவர் ஒரு முறை விட்டுக்கொடுக்க வேண்டும், அடுத்தவர் புதுச் சொல்லில் தொடங்கலாம். ஒரு வாரத்தில் பிள்ளைகளே ‘கண் சொல்லாதே, வழி அடைபடும்’ என்பார்கள். சொல் முதலில் ‘ந’ எழுதுவதா ‘ன’ எழுதுவதா என்ற குழப்பமும் அத்தோடு போய்விடும்.

தவறான சொற்களைப் பலகையில் எழுதிப் ‘பிழை கண்டுபிடி’ விளையாடலாமா?

வேண்டாம். தடுமாறும் பிள்ளையின் கண்ணில் பதிவது அந்தத் தவறான வடிவம்தான். ‘முய_சி’ என்று இடம் விட்டு எழுதி, அட்டையை ஒட்டச் சொல்லுங்கள்.

‘முயற்ச்சி’, ‘அதற்க்கு’ என்று ஐந்தாம் வகுப்பிலும் எழுதுகிறார்களே?

இதற்குப் பிடி ஒன்று உண்டு. ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய் நிற்காது. முயற்சி, பயிற்சி, அதற்கு, காட்சி. ர், ழ் இடம் கொடுக்கும்: வளர்ச்சி, மகிழ்ச்சி. ஒருவன் ‘ற்’ அட்டையோடு நிற்கட்டும், ‘ச்’ அட்டைக்காரி அருகில் வந்தால் அவன் கையை நீட்டித் தடுக்க வேண்டும். ‘ர்’ அட்டைக்காரன் நகர்ந்து இடம் விடுவான். பத்துச் சொல் போதும்.

இத்தனை விளையாட்டு எதற்கு? உச்சரிப்பைத் திருத்தினால் எழுத்து தானே திருந்தும்.

ழ, ள, ல மூன்றுக்கும் ஒத்துக்கொள்கிறேன். வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்னும் ஊர்களில் வாய்ப் பயிற்சி கட்டாயம் வேண்டும். ஆனால் ந, ன?

பழகினால் ந, ன வேறுபாடும் வரும். குமரி மாவட்டத்தில் ர, ற வேறுபாடு இன்றும் காதில் விழுகிறதே!

குமரியில் விழுகிறது. சேலத்துப் பிள்ளைக்கு வீட்டிலும் தெருவிலும் யாரிடமும் கேட்காத ஒலியை வகுப்பில் நாற்பது நிமிடத்தில் எப்படி ஊன்றுவீர்கள்? ந, ன இரண்டும் இன்று பெரும்பாலோர் வாயில் ஒன்றுதான். அங்கே கைகொடுப்பது இடம். த-வுக்கு முன் ந் (பந்து), ட-வுக்கு முன் ண் (வண்டு), ற-வுக்கு முன் ன் (கன்று). ஆறு பிள்ளைகளுக்கு ந், ண், ன், த, ட, ற அட்டைகளைக் கொடுத்து, மணி அடித்ததும் இணையைத் தேடிக் கைகோக்கச் சொல்லுங்கள். காதை நம்பாமலே சரியாக எழுதுவார்கள்.

அப்படியானால் பின்னால் த இல்லாமலே ந் வரும் ‘முந்நூறு’?

நல்ல கேள்வி. மூன்று நூறு சேர்ந்த சொல், நூறின் ‘நூ’ அப்படியே நிற்கிறது. செந்நீர், அநீதி எல்லாம் இதே வகை. ஐந்தாம் வகுப்புக்கு இவற்றைத் தனிப் பட்டியலாகக் கொடுங்கள். மூன்றாம் வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். உச்சரிப்பு நண்பருக்கு ஒன்று: வாய்ப் பயிற்சியை விடச் சொல்லவில்லை. அதை மட்டும் நம்பினால் பாதிப் பிழை அப்படியே இருக்கும்.

தவறிய சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்லலாமா?

எழுதும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் பத்து ‘மு’ மேலிருந்து கீழாக, பிறகு பத்து ‘ய’. சொல் எங்கே இருக்கிறது? முதல் வரி தவறினால் பத்தும் தவறு. பார்த்து, மூடி, எழுதி, திறந்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல். அவற்றையே மறுநாளும், மூன்றாம் நாளும், அடுத்த வாரமும் கேளுங்கள்.

ஐந்து முறையாவது எழுதலாமா?

மேலே உள்ள பதில்தான்.

அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளும் (அரும்பு தொடக்க நிலை, மலர் மேல் நிலை) ஒன்றாக இருக்கிறார்கள். ஒரே விளையாட்டு சரிவருமா?

வரும். அரும்புக்கு அட்டை அடுக்குதல், மொட்டுக்குச் சொல் எழுதுதல், மலருக்கு அதே சொல்லில் வாக்கியம். தவறினால் வெளியேறும் விளையாட்டு மட்டும் கூடாது. பயிற்சி தேவைப்படும் அரும்புப் பிள்ளைதான் முதலில் உட்கார்ந்துவிடும்.

மாணவர்களே தவறான சொல்லைப் பலகையில் எழுதித் திருத்தினால்?

யார் எழுதினாலும் வேண்டாம். பலகையில் சரியான வடிவம் மட்டும்.

நான்காம் வகுப்பு மாணவன் எழுத்துகளைத் திருப்பித் திருப்பி எழுதுகிறான். என்ன விளையாட்டு?

விளையாட்டு பிறகு. முதலில் கண் பரிசோதனை, அடுத்து வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்.

ஆங்கில ஸ்பெல்லிங்குக்கும் சொல்லுங்களேன்.

ஆங்கில ஆசிரியரைக் கேளுங்கள். அதன் சிக்கல்கள் வேறு.

‘அந்தப் பையன்’, ‘அந்த மாடு’: இரு சொற்களுக்கு நடுவில் வரும் ஒற்றெழுத்தை எப்படி விளையாட்டாக்குவது?

க், ச், த், ப் அட்டைகளோடு நால்வர் நிற்கட்டும். ‘அந்த... பூனை’ என்றதும் ‘ப்’ நடுவில் குதிக்க வேண்டும். ‘அந்த... மாடு’ என்றால் யாரும் அசையக்கூடாது. முதலில் அந்த, இந்த, எந்த மட்டும். பிறகு ‘பாடத்தைப் படி’, ‘வீட்டுக்குப் போ’. ‘வந்த பையன்’ போன்ற பெயரெச்சத்தில் ஒற்று வராது. தொடக்கத்திலேயே அதைக் கலந்தால் எல்லா இடத்திலும் குதிப்பார்கள். இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவாருங்கள்.