காகஸ் கூட்டத்துக்குப் போகலாமா?

கேள்வி: மினசோட்டா மாநிலத்தில் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாயிற்று. பிப்ரவரியில் கட்சிகள் வட்டாரந்தோறும் நடத்தும் காகஸ் என்ற வாக்காளர் கூட்டத்துக்குச் சாதாரண வாக்காளர் போவதால் பயன் உண்டா?

பதில்: ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கத்தான் என்றால், வேண்டாம். 2020 முதல் மினசோட்டாவில் அதற்குத் தனி பிரைமரி (கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல்) வாக்குப்பதிவு வந்துவிட்டது. ஆனால் மாநிலச் சட்டமன்ற வேட்பாளர் யார் என்பதில் அக்கறை இருந்தால் கட்டாயம் போங்கள். அந்தக் கூட்டத்தில்தான் அடுத்த கட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்வு செய்கிறார்கள். கட்சியின் ஆதரவு யாருக்கு என்பதை முடிவு செய்வது அந்த மாநாடு. பல பகுதிகளில் பிரதிநிதி இடங்களை நிரப்பவே ஆள் போதாது. கை தூக்கினாலே பிரதிநிதி ஆகிவிடலாம்!

மாலை 7 மணிக்குத் தொடங்கும். உங்கள் வாக்குச்சாவடிப் பகுதிக்கான இடத்துக்கே போக வேண்டும். மாறிப் போனால் ஓட்டில்லை. பெயர், முகவரி எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒரே ஒரு கட்சியின் கூட்டத்தில்தான் பங்கேற்கலாம். வேலை நேரமா? முதலாளிக்கு 10 நாள் முன்பே எழுத்தில் தெரிவித்தால் விடுப்பு தந்தாக வேண்டும். அந்த நேரச் சம்பளத்தைப் பிடிக்கலாம்.

கட்சிக் கொள்கை பற்றித் தீர்மானம் கொண்டுவர நினைத்தால் இரண்டு மூன்று வரியில் எழுதி எடுத்துப் போங்கள். நீளமானவை விவாதத்திலேயே செத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: கட்சி ஆதரவு வெற்றிக்கு உத்தரவாதமல்ல. 2018 ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி மாநாடு எரின் மர்பியை ஆதரித்தது. பிரைமரியில் வென்றவர் டிம் வால்ஸ்.