கேள்வி பதில்: இலை மட்டும் செழிப்பா இருக்கு, காய் எங்கே?

கேள்வி: ஒட்டு மாங்கன்னு வெச்சு 5 வருஷம் ஆச்சு. தினமும் தண்ணி ஊத்துறேன், மாசாமாசம் சாணி உரம் போடுறேன், இலையெல்லாம் கரும்பச்சையா இருக்கு, ஆனா ஒரு பூ கூட வரல. என்ன குறை வெச்சேன்?

உங்க கவனிப்புதாங்க அதைப் பூக்க விடாம வெச்சிருக்கு. தண்ணியும் தழைச்சத்தும் கிடைச்சுகிட்டே இருந்தா மா துளிர் விட்டுகிட்டேதான் இருக்கும், அந்தத் துளிர் முத்தி கொஞ்ச காலம் வளராம அடங்கி இருந்தாதான் அதோட நுனியில பூங்கொத்து வரும். அதனால பூக்குற சீசனுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே தண்ணியை நிறுத்திடுங்க, மண்ணு காயட்டும், 5 வருஷ மரம் தாங்கும், பயப்படாதீங்க. பிஞ்சு பட்டாணி சைஸுக்கு வந்தப்புறம் மறுபடி ஊத்த ஆரம்பிங்க, அப்ப மட்டும் ஊத்தாம விட்டுட்டீங்கன்னா பிஞ்சு கொட்டிடும்.

உரம் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போதும். அதையும் தூர்ல கொட்டாதீங்க, சத்தை உறிஞ்சுற சின்ன வேரெல்லாம் வெளியில தள்ளிதான் இருக்கு, உச்சி வெயில்ல நிழல் எது வரைக்கும் விழுதோ அந்த ஓரத்துல வட்டமா லேசா கொத்தி போடுங்க. பூக்குறதுக்கு முன்னாடி கவாத்து, அதாவது கிளை வெட்டுறது, வேண்டவே வேண்டாம், பூ வர்ற நுனியைத்தான் வெட்டித் தள்ளுவீங்க.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு இன்னிக்கே போய் ஒட்டுக் கட்டின இடத்தைப் பாருங்க. அதுக்குக் கீழ இருந்து கிளை வந்திருந்தா அது நீங்க வாங்கின ரகமே இல்ல, அடியில இருக்குற விதைக்கன்னோட கிளை, நல்லா வேகமா வளரும், நாமளும் சந்தோஷப்பட்டு விட்டுடுவோம், கடைசில மேல இருக்குற ஒட்டு நலிஞ்சு போயிடும். நெறைய தோட்டத்துல இதைப் பார்த்து மனசு கஷ்டமா இருந்திருக்கு. அப்படி இருந்தா அடியோட வெட்டிடுங்க.

கேள்வி: கொய்யாவுல வெள்ளை வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கு, எறும்பும் ஏறுது. எதுக்கு மருந்து அடிக்கணும்?

அது மாவுப்பூச்சி. அது விடுற இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், அதைத் திங்க வர்ற பொறிவண்டையும் விரட்டிடும், அதனால எறும்பை முதல்ல நிறுத்துங்க. தண்டுல ஒரு பிளாஸ்டிக் தாளை இறுக்கி சுத்தி அது மேல கிரீஸ் தடவிடுங்க, பட்டையில நேரா தடவாதீங்க. ரொம்ப அப்பியிருக்குற கிளையை வெட்டி அப்புறப்படுத்திட்டு, மிச்சத்துல வேகமா தண்ணி பீய்ச்சி அடிங்க, அப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயந்திரமா தெளிங்க, இலைக்கு அடியிலயும் படணும். ஒரு தடவையில போகாது, வாரம் ஒரு தடவைன்னு மூணு நாலு வாரம் விடாம செய்யுங்க.

கேள்வி: பப்பாளியில நீளமான காம்புல கொத்துக் கொத்தா பூ தொங்குது, காயே பிடிக்கல?

ஆண் மரம். பக்கத்துல பெண் மரம் இருந்தா மகரந்தத்துக்கு ஒண்ணு மட்டும் இருக்கட்டும், இல்லேன்னா எடுத்துட்டு அதே குழியில மூணு நாத்து சேர்த்து நடுங்க, பூ வந்ததும் பார்த்து காய்க்குறதை வெச்சுக்கலாம். குழியில தண்ணி தேங்க விட்டுடாதீங்க, பப்பாளி ஒரு ரெண்டு நாள் தேங்கினாலே அழுகிப் போயிடும்.