கூடையைக் கண்டால் கூரையேறும் கிழட்டுப் பூனைகள்

மிருக வைத்தியரான எனக்கு இந்த முறை வந்த கேள்விகளில் கூடுதலானவை வயசான பூனைகளைப் பற்றியவை. வருத்தங்கள் வேறு வேறு. ஆனால் எல்லாரும் ஒரு வரியை மட்டும் சொல்லிவைத்தாற்போல எழுதியிருந்தார்கள்: “டொக்டரிட்டக் கொண்டுபோக ஏலாது, பயத்திலேயே செத்துப்போயிடும்.” அந்தப் பயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மண்டூரிலிருந்து ஒரு தாய்: “எங்கட பூனைக்கு 13 வயசு. போன வருஷம் உரப்பையில போட்டுக் கட்டி, குருமண்வெளிப் பாதையில (ஆத்தைக் கடக்கிற மிதவையில) ஏத்தினம். நடு ஆத்துக்குள்ள பையைக் கிழிச்சி வெளிய வந்து மகன்ட கையைப் பிறாண்டிப்போட்டுது. மறுகா ஒரு கிழமை எங்களுக்குக் கிட்டவே வரல்ல. இப்ப மெலிஞ்சிகொண்டு போகுது. எப்படிக் கொண்டுபோற?”

முதலில் மகனின் கை. பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். விசர் நோய் நாயோடு மட்டும் நிற்கிற சங்கதியல்ல. உங்கள் பூனைக்கு அந்தத் தடுப்பூசி போட்டதா என்று நீங்கள் எழுதவில்லை, அம்மா. போடாவிட்டால் இந்தப் பயணத்திலேயே அதையும் கேளுங்கள்.

இனிப் பூனை. அது மிருக வைத்தியரைக் காணவே இல்லை. அதற்குள் பயந்து முடிந்துவிட்டது. இருட்டான பை, உர நாற்றம், இயந்திரச் சத்தம், கால் பதிக்க இடமில்லாத ஆட்டம். அதன் இடத்தில் நான் இருந்தாலும் பிறாண்டியிருப்பேன்.

பையை விட்டுவிடுங்கள். பூனைக் கூடு வாங்க வசதியில்லையென்றால், உடுப்புப் போடும் பிளாஸ்டிக் கூடை இரண்டை வாய்க்கு வாய் கவிழ்த்து நைலோன் கயிற்றால் இறுக்கினால் போதும். பயணத்துக்கு இரண்டு கிழமை முன்பே கீழ்க் கூடையை மட்டும் வீட்டு மூலையில் வையுங்கள். உங்கள் பழைய சாறன் ஒன்றைத் துவைக்காமல் உள்ளே விரியுங்கள். முதலில் கூடைக்குப் பக்கத்தில் சாப்பாடு, சில நாள் போக உள்ளே சாப்பாடு. அது தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகுதான் மேல் கூடை. போகிற அன்றைக்கு மட்டும் அலுமாரிக்கு மேலிருந்து கூடையை இறக்கினால் எந்தப் பூனைக்கும் விஷயம் விளங்கிவிடும்.

காலையில் புறப்படும் முதலாவது பாதையிலேயே போங்கள். சனமும் மோட்டார் சைக்கிளும் குறைவு. கூடை முழுவதையும் துவாயால் மூடி, இயந்திரத்துக்குத் தூரமாக மடியில் வைத்திருங்கள். சத்தி எடுக்கிற பூனையென்றால் புறப்பட 3 மணித்தியாலத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தலாம். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிற பூனையை மட்டும் வைத்தியரைக் கேட்காமல் பட்டினி போடக்கூடாது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் பூனையைப் பிடரியில் பிடித்து வெளியே இழுப்பதைக் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். அப்படி நான் இழுத்த ஒரு பூனை அடுத்த தடவை வாசல்படியிலேயே சலம் விட்டது. இப்போது மேல் மூடியை மட்டும் கழற்றுவேன்; பூனை தன் சாறனிலேயே கிடக்கும்; துவாய்க்குக் கீழே கையை விட்டு வயிற்றைத் தடவிப் பார்ப்பேன். உங்கள் வைத்தியரிடமும் அப்படிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

இவ்வளவு செய்தும் அடங்காத பூனைக்கு கபாபென்டின் என்றொரு மருந்து உண்டு. மனிதருக்கு நரம்பு வலிக்குக் கொடுப்பது. புறப்பட 2, 3 மணித்தியாலத்துக்கு முன் கொடுத்தால் பூனை அரைத் தூக்கத்தில் வரும். அளவை வைத்தியர்தான் நிறையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதான பூனைக்கு அளவு குறையும். ஆகவே பூனை இல்லாமல் நீங்கள் மட்டும் ஒரு நடை போய் அவரோடு கதைத்து வாருங்கள். கொடுத்த நாளில் கால் தள்ளாடும். மதிலிலும் கிணற்றுக்கட்டிலும் ஏற விடாதீர்கள். மெலிவுக்கான காரணம் அடுத்த பதிலில் இருக்கலாம்.

காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரி: “உம்மாட பூனைக்கு 14 வயசு. கொஞ்ச நாளா வாளித் தண்ணி, குழாய்த் தண்ணி எல்லாம் குடிச்சிக்கொண்டே இரிக்கி. நல்லாத் தின்னுது, ஆனா முதுகெலும்பு தெரியிது. வயசு போனா அப்பிடித்தான் என்டு உம்மா சொல்றா.”

உம்மாவிடம் சொல்லுங்கள்: வயசு போனதற்காக எந்தப் பூனையும் வாளித் தண்ணீர் குடிப்பதில்லை. மூன்று பேர் மேல் எனக்குச் சந்தேகம்: சிறுநீரகம், தைரொயிட் என்ற கழுத்துச் சுரப்பி, சீனி. சிறுநீரகம் பழுதானால் பெரும்பாலும் சாப்பாடு குறையும். நன்றாகத் தின்றும் மெலிகிறது என்றால் மற்ற இரண்டையும் முதலில் தேடுவேன். தைரொயிட் கூடிய பூனை இராவில் கத்தித் திரியும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், சிலது அடிக்கடி சத்தி எடுக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் வீட்டில் இரண்டு வேலை செய்யலாம். முதலாவது, தண்ணீரை அளப்பது. காலையில் 500 மில்லி லீட்டர் அளந்து ஒரு கோப்பையில் வையுங்கள். வேறு தண்ணீர் எல்லாவற்றையும் மூடுங்கள். அடுத்த நாள் அதே நேரம் மிச்சத்தை அளந்து பாருங்கள். நம் ஊர் வெக்கையில் தண்ணீர் தானாகவும் வற்றும். அதனால் பூனை தொட முடியாத இடத்தில் அதே அளவான இன்னொரு கோப்பையை வைத்து, வற்றியதைக் கழித்துக்கொள்ளுங்கள். 4 கிலோ பூனை ஒரு நாளில் 200 மில்லி லீட்டருக்கு மேல் குடித்தால் சந்தேகம். 400ஐத் தாண்டினால் சந்தேகமே இல்லை. அவிச்ச மீன் தின்கிற பூனை அதிலேயே தண்ணீரை எடுத்துவிடும், கோப்பைப் பக்கம் அதிகம் போகாது.

இரண்டாவது, நிறை. பூனையோடு கூடையை நிறுத்து, வெறுங்கூடையைக் கழியுங்கள். மாதம் ஒருமுறை கலண்டரில் எழுதுங்கள். (மீன் கடைத் தராசு வேண்டாம், ஏறினால் இறங்க மாட்டாது.) 4 கிலோவில் 400 கிராம் குறைவது, 60 கிலோ மனிதர் 6 கிலோ குறைந்ததற்குச் சமன்.

பயந்த பூனைக்குச் சொந்தக்காரர்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: சலப் பரிசோதனைக்குப் பூனை வரத் தேவையில்லை. மண் போடும் பேசினைக் கழுவிக் காயவைத்து, வெறுமையாகவோ, சுத்தமான சின்னக் கூழாங்கல்லு கொஞ்சம் போட்டோ வையுங்கள். சலம் விட்டதும் ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, சுத்தமான போத்தலில் அன்றைக்கே கொண்டு போங்கள். சுணங்கினால் பிரிட்ஜில் வையுங்கள். சீனி இருக்கிறதா, சலம் தண்ணியாய்ப் போகிறதா என்று அதிலேயே தெரியும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் கூடித் தெரிவதற்குச் சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை போயிருக்க வேண்டும். சலம் அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். சலத்தில் எறும்பு மொய்த்தால் அதையும் சொல்லுங்கள், ஆனால் மொய்க்கவில்லை என்று நிம்மதியடைய வேண்டாம்.

பிறகு இரத்தமும் எடுக்கத்தான் வேண்டும். அங்கேயும் பயம் குறுக்கே வரும். பயந்த பூனைக்குப் பயத்திலேயே இரத்தத்தில் சீனி ஏறும். ஒரேயொரு இரத்தப் பரிசோதனையை வைத்து இன்சுலின் தொடங்கினால், இல்லாத வருத்தத்துக்கு மருந்து போட்டதாக முடியலாம். இரத்தச் சீனியும் வீட்டில் எடுத்த சலத்தின் சீனியும் ஒத்துப்போனால் நம்பலாம். பிரக்டோசமின் என்ற பரிசோதனை முந்தின இரண்டொரு கிழமைச் சீனியைக் காட்டும். அது ஒரு நாள் பயத்தில் மாறாது.

சிறுநீரகம்தான் என்று வந்தால் மீன் தலையும் முள்ளும் கருவாடும் நிற்க வேண்டும். முள்ளோடு அரைத்த சூடையிலும் முழு நெத்தலியிலும் பொஸ்பரஸ் கூட, கருவாட்டில் உப்பு. முள் எடுத்த சதையை உப்பில்லாமல் அவித்து, அவித்த தண்ணீரோடே வையுங்கள். குடிக்கிற தண்ணீரை மட்டும் ஒருநாளும் குறைக்காதீர்கள். சலத்தில் போவதை ஈடுகட்டத்தான் அது குடிக்கிறது.

கல்முனையிலிருந்து: “பூனைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பயம். பனடோல் கால்வாசி கொடுக்கலாமா?”

வேண்டாம். பனடோலில் இருக்கும் பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் போதாது. ஒரு குளிசை பூனையைக் கொல்லப் போதும், கால்வாசியும் ஆபத்து. ஏற்கெனவே கொடுத்திருந்தால் பழுப்பாகும் பல் முரசையும் வீங்கும் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்காமல், கொடுத்த நேரத்தை எழுதிக்கொண்டு உடனே போங்கள். மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு கொடுத்தால் வேலை செய்யும். ஐபுபுரோபன் என்ற நோவுக் குளிசையும் அப்படியே: தொடாதீர்கள்.

தம்பிலுவிலிலிருந்து: “கடுவன் பூனை, 10 வயசு. நேற்றிலிருந்து மண்ணுக்குள்ள போய்ப் போய் முக்குது. மலச்சிக்கல் எண்டு எண்ணெய் பருக்கினம்.”

தம்பி, மீதியைப் பிறகு வாசியுங்கள். மண்ணைக் கிளறிப் பாருங்கள். ஈரமில்லையென்றால் சலம் அடைத்திருக்கிறது. இதில் இரண்டு கிழமைக் கூடைப் பழக்கத்துக்கோ பயம் தணிக்கும் மருந்துக்கோ நேரமில்லை. துவாயால் சுற்றிக் கூடைக்குள் வைத்து இப்போதே கொண்டு போங்கள். ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். வயிற்றை அமுக்காதீர்கள், எண்ணெய் பருக்காதீர்கள்.

கல்லடியிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர்: “15 வயதுப் பூனை திடீரென்று கதிரைக் காலில் மோதுகிறது. கண்மணி இரண்டும் பெரிதாக விரிந்திருக்கின்றன.”

ஐயா, பிரஷர் ஏறி விழித்திரை கழன்றிருக்கலாம். இதுவும் அன்றைக்கே போக வேண்டியது. மனிதருக்குப் பிரஷருக்காகக் கொடுக்கும் அம்லோடிபினைத்தான் பூனைக்கும் மிகச் சிறிய அளவில் கொடுப்போம். உங்களுடைய மருந்துப் பெட்டியிலிருந்து நீங்களாகக் கொடுத்துவிட வேண்டாம். பார்வை திரும்புமா என்பது எவ்வளவு கெதியில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. திரும்பாவிட்டாலும் பூனை வீட்டை மீசையாலும் மணத்தாலும் அறிந்து வைத்திருக்கும். கதிரைகளை இடம் மாற்றாதீர்கள். பயத்தில் பிரஷரும் ஏறும் என்பதால், அங்கே கொஞ்ச நேரம் அமைதியாக இருத்திவைத்து, பல தடவை அளக்கச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: “12 வயசுப் பூனை. இப்ப பாயில கக்கா போகுது. அடிச்சும் பாத்திட்டம், கேக்குதில்ல.”

ராத்தா, அடிக்காதீர்கள். அதற்கு மூட்டு நோகிறது போலிருக்கிறது. இந்த வயசுப் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு எக்ஸ்ரே எடுத்தால் மூட்டுத் தேய்வு தெரியும். பூனை நொண்டிக் காட்டாது. ஒரே பாய்ச்சலில் ஏறிய ஜன்னலுக்கு இப்போது கதிரையில் ஏறித்தான் போகிறதா? முதுகு மயிர் திரைந்து கிடக்கிறதா? நகம் வளர்ந்து தரையில் டிக் டிக் என்று கேட்கிறதா? பேசினின் விளிம்பு உயரமாக இருந்தால் ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்துங்கள். படுக்கிற இடத்துக்குக் கிட்டவே வையுங்கள். மண்ணைத் தினமும் மாற்றுங்கள். அது நடப்பதையும் ஏறுவதையும் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைத்தியருக்குக் காட்டுங்கள். ஆஸ்பத்திரி மேசையில் பூனை கல்லாகிவிடும், அங்கே நடை பார்க்க முடியாது.

செங்கலடியிலிருந்து: “ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பூனையை, கூடப் பிறந்த மற்றப் பூனை சீறிக் கலைக்குது. இதுக்காகவே கொண்டுபோக மனமில்லை.”

கோபமில்லை, மணம். மருந்து வாசத்தோடு வந்தவளை மற்றவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வந்ததும் தனி அறையில் கூடையைத் திறந்து, ஒரு இரவு விடுங்கள். வீட்டிலிருந்த பூனையைத் துடைத்த துணியால் வந்தவளின் கன்னத்தையும் முதுகையும் தடவிவிடுங்கள். மறுநாள் கதவு இடுக்கின் இரண்டு பக்கமும் சாப்பாடு வையுங்கள். சீறாமல் தின்றால் கதவைத் திறக்கலாம். இன்னொரு வழி, இரண்டையும் ஒரே நாளில், வேறு வேறு கூடையில் கொண்டு போவது. ஓட்டோக் கூலி ஒன்றுதானே.