கையால் நெய்த கம்பளத்தில் சாயம் இறங்குவது இயல்பா, குறையா?

குறைதான். "இயற்கைச் சாயம், கைவேலை, அதனால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பினேன்.

ஷார்ஜாவில் இருந்தபோது ஓர் ஆப்கன் கம்பளம் வாங்கினேன். அடர் சிவப்பில் வெள்ளைப் பூக்கள். ஒருநாள் ராத்திரி முழுக்க ஏசித் தண்ணீர் சொட்டியதில் நாலு பூ ரோஸ் கலராகிவிட்டது. கம்பளம் துவைக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பூவைப் பார்க்கவே இல்லை, நேராக ஓரத்துக் குஞ்சத்தைத்தான் பிரித்துப் பார்த்தார். அதன் அடியிலும் லேசான சிவப்பு. ஏசி சொட்டாத இடம் அது! கடைக்கு வருவதற்கு முன்பே ஒருமுறை இறங்கியிருக்கிறது.

இயற்கைச் சாயத்தின் மேல் பழி போடுவதுதான் எனக்கு எரிச்சல். சாயத்தை நூலில் பிடிக்கவைக்கும் படிக்காரம் கொடுத்து, மஞ்சிட்டி வேரின் சிவப்பைக் கம்பளி நூலில் ஏற்றி, நன்றாக அலசிவிட்டால் லேசில் இறங்காது. அவுரி நீலம் தண்ணீரில் கரையவே கரையாது. புதிதில் தேய்த்தால் கையில் ஒட்டும், அது வேறு விஷயம். வினை பெரும்பாலும் மட்டமான செயற்கைச் சாயத்தில், இல்லையென்றால் சாயமேற்றியவர் மிச்சத்தை அலசாமல் விட்டதில். நெய்தவர் பாவம், வந்த நூலை முடிச்சுப் போட்டவர். 1856-ல் பெர்கின் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் அனிலின் என்ற ரசாயனத்திலிருந்து முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அந்த வகைச் சாயங்கள் கம்பளத் தொழிலைக் கெடுத்த கெடுதலில், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஈரான் அரசே அவற்றுக்குத் தடை போட்டது. பிறகு வந்த குரோம் சாயங்கள் (குரோமியம் உப்பால் நூலில் பிடிக்கவைக்கும் செயற்கைச் சாயங்கள்) கெட்டியானவை, செயற்கை என்றாலே மோசம் என்றும் இல்லை.

ஒரே சிவப்பு பட்டை பட்டையாக அடர்த்தி மாறியிருந்தால் அது அப்ராஷ். வேறு வேறு தடவை சாயமேற்றிய நூல், அவ்வளவுதான். அதைக் குறை என்று ஒதுக்காதீர்கள்.

வாங்கும்போது வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, சிவப்பின் மேலும் கருநீலத்தின் மேலும் ஐந்து நிமிடம் அழுத்தி வைத்து, கைக்குட்டையில் நிறம் ஏறுகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவே பாதி பதில்.

வீட்டில் நனைந்துவிட்டால் சோப்புத்தூள் பக்கமே போகாதீர்கள். அதில் காரம் (alkali) உண்டு, கம்பளிக்குப் போடும் அமிலச் சாயம் காரத்தில் இன்னும் எளிதாகக் கழன்று வரும். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து ஒற்றியெடுத்து, விரித்துப்போட்டு மேலும் கீழும் காற்றுப்பட ஃபேனில் சீக்கிரம் உலர்த்துங்கள். ஈரம் நிற்க நிற்கக் கறை பரவும், காய்ந்தபின் எடுப்பது கஷ்டம்.

என் பூக்கள் வெளுக்கவே இல்லை. மேலே டீப்பாயைப் போட்டு மறைத்திருக்கிறேன்.