மலையில் எல்லோரும் பேசுகிறார்கள், கீழே யாரும் பேசுவதில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் எனக்கு. முனைவர் பட்டம் முடித்துவிட்டு, தென்கொரியாவின் தேஜோன் நகரில் ஓர் ஆய்வகத்தில் போஸ்ட்டாக் ஆராய்ச்சியாளராக இருக்கிறேன். வயது 32. மனைவியும் மூன்று வயது மகளும் ஊரில் இருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் யாரும் என்னிடம் மோசமாக நடந்துகொண்டதில்லை. ஆனால் யாரும் பேசுவதும் இல்லை. வேலை விஷயமாக ஆங்கிலத்தில் இரண்டு வரி, அவ்வளவுதான். பன்னிரண்டு மணி ஆனதும் எல்லோரும் சேர்ந்து கேன்டீனுக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் சைவம், மேஜையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொள்வேன். இரவு விருந்து என்றால் பன்றி இறைச்சியும் சோஜு என்ற கொரிய மதுவும்தான். ஆரம்பத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

இந்த இலையுதிர் காலத்தில் சனிக்கிழமைதோறும் தனியாகக் கேர்யோங்சான் மலைக்குப் போகிறேன். நகரப் பேருந்திலேயே தோங்ஹாக்சா என்ற புத்தக் கோயில் இருக்கும் அடிவாரத்துக்குப் போய்விடலாம். உயரம் 845 மீட்டர்தான், ஆனாலும் கல்படிகள் மூச்சு வாங்க வைக்கும். அக்டோபர் கடைசியில் மேப்பிள் இலைகள் சிவக்க ஆரம்பித்ததும் மலையே வேறு ஊர் மாதிரி ஆகிவிட்டது. எதிரே வருகிறவர்கள் எல்லோரும் "அன்னியோங் ஹசேயோ" என்று வணக்கம் சொல்கிறார்கள். நம்மேதாப் என்ற இடத்தில் ஐந்து அடுக்கிலும் ஏழு அடுக்கிலுமாக இரண்டு பழைய கற்கோபுரங்கள் நிற்கின்றன. அங்கே ஒரு பாட்டி என்னை உட்கார வைத்து, வெள்ளரிக்காயும் கமலா ஆரஞ்சும் கொடுத்தார். எந்த நாடு என்று கேட்டார். "இந்தோ" என்றேன். தொலை தூரம் என்பது போல் தலையை ஆட்டி, இன்னொரு பழத்தையும் கையில் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும்போது பேருந்தில் அதே மனிதர்கள் ஏறுகிறார்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அதனாலோ என்னவோ, இருட்டும் வரை மேலேயே உட்கார்ந்துவிடுகிறேன். இறங்கவே மனம் வருவதில்லை. நவம்பர் நடுவிலிருந்து காட்டுத்தீ அபாயத்துக்காகச் சில பாதைகளை மூடுவார்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. அதிகாலை மூன்று மணிக்கே விழித்துவிடுகிறேன். மனைவிக்குச் சிவப்பு இலைப் படங்களை அனுப்பினால், "கொடுத்து வைத்தவர் நீங்கள்" என்று எழுதுகிறாள். அதற்கு மேல் என்ன சொல்வது? என்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறதா?

இப்படிக்கு,
தேஜோன் வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். "இறங்கவே மனம் வருவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே அமைதியாக இருக்கிறது என்பதால் மட்டும்தானா? உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வருகிறதா? இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் யாருக்கும் புதிதாக வந்துவிடாது, அதனால் தயங்காமல் கேட்கிறேன். வருகிறது என்றால், அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. இன்றே மனைவியிடமோ நண்பரிடமோ சொல்லுங்கள். தென்கொரியாவில் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 109. உடனடி ஆபத்து என்றால் 119. கொரிய மொழி தடையாக இருந்தால், மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அப்படி இல்லை என்றாலும், இருட்டும் வரை தனியாக உட்கார வேண்டாம். நவம்பர் தொடக்கத்தில் அங்கே மாலை ஐந்தரை மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தாக்கில் அதற்கு முன்பே இருட்டும். உதிர்ந்த இலைகள் கல்படிகளை மூடியிருந்தால் எங்கே கால் வைக்கிறோம் என்றே தெரியாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களிடம் குறை இல்லை. அந்தப் பாட்டி கொடுத்த அன்பும் பொய்யில்லை. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்பின் தெரியாதவருக்கு மோர் கொடுப்பார்கள், காலில் கொப்புளம் வந்தால் மருந்து தடவிவிடுவார்கள். ஊர் திரும்பும் பேருந்தில் அவரவர் தூங்கிவிடுவார்கள். யாரும் மாறிவிடவில்லை, சேர்ந்து செய்த காரியம் முடிந்துவிட்டது. மலையில் நீங்கள் அவர்களோடு ஒரே ஏற்றம் ஏறினீர்கள், ஒரே இடத்தில் மூச்சு வாங்கினீர்கள். அங்கே பேச்சுத் தொடங்க மொழியே தேவைப்படவில்லை. முகம் பார்த்து உரையாடுவதை விட, பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்வதுதான் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு எளிது. என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் பலரிடமும் நான் இதைப் பார்க்கிறேன்.

ஆய்வகத்தில் அப்படிச் சேர்ந்து செய்யும் காரியம் எது? சாப்பாடு. கொரியாவில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது உறவின் பெரும் பகுதி. நீங்கள் சோஜுவை மறுத்ததில் தவறில்லை, உங்கள் பழக்கத்தை மாற்றவும் வேண்டாம். ஆனால் நீங்கள் மறுத்தது பன்றி இறைச்சியையா, தங்களையா என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. கூப்பிட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று மரியாதைக்காகவே கூட விட்டிருக்கலாம். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு உங்கள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு அவர்களோடு நடங்கள். போய் உட்கார்ந்தால் போதும். முதல் நாள் யாரும் பேசாவிட்டாலும் மறுநாளும் போங்கள்.

அப்புறம் ஒரே ஒருவரை, ஆய்வகம் முழுவதையும் அல்ல, மலைக்குக் கூப்பிடுங்கள். வசந்தத்துக்கு மாகோக்சா கோயில், இலையுதிர் காலத்துக்குக் காப்சா கோயில் என்று அந்தப் பகுதியில் பழைய சொல்வழக்கே உண்டு. தோங்ஹாக்சாவில் ஏறி, நீங்கள் சொன்ன கோபுரங்களைத் தாண்டி, மறுபக்கம் காப்சாவில் இறங்கும் பாதை பலருக்கும் பிடித்தது. "காப்சா பக்கம் இறங்க வேண்டும், வழி சரியாகத் தெரியவில்லை, வருகிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். உதவி கேட்டு வருகிறவரிடம் பேசுவது யாருக்கும் சுலபம். எலுமிச்சைச் சாதம் இரண்டு பேருக்குக் கட்டிக்கொள்ளுங்கள். மூடுவது சில பாதைகளைத்தான், திறந்திருப்பவை எவை என்று தேசியப் பூங்கா அறிவிப்பில் தெரிந்துகொள்ளலாம்.

அதிகாலை மூன்று மணி விழிப்பை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தனிமை ஒரு பக்கம், வெளிச்சம் இன்னொரு பக்கம். கோவில்பட்டியில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். தேஜோனில் அது ஐந்து மணி நேரத்தை நெருங்கும். பகல் சுருங்கும்போது சிலருக்குத் தூக்கமும் மனநிலையும் கெடுகின்றன. காலையில் விடிந்ததும் அரை மணி நேரம் வெளியே நடங்கள், மேகமாக இருந்தாலும் சரி. தூக்கம் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, வேலையில் கவனம் குறைந்தாலோ, மருத்துவரைப் பாருங்கள். உங்கள் நிறுவனத்தில் ஆலோசனை மையம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

மனைவி விஷயம். நீங்கள் அனுப்புவது சிவப்பு இலைகளை மட்டும்தான், பிறகு அவர் வேறு என்ன எழுதுவார்? அவரும் குழந்தையைத் தனியாக வைத்துக்கொண்டு, தன் கஷ்டத்தைச் சொன்னால் உங்கள் சந்தோஷம் கெட்டுவிடும் என்று மறைத்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு இரவு ஒன்பது என்றால் ஊரில் மாலை ஐந்தரை. மகள் விழித்திருக்கும் நேரம். அழைத்துப் பேசுங்கள், மகள் விளையாடப் போனதும் மனைவியிடம் "இங்கே ஒருத்தரும் என்னோடு பேசுவதில்லை, கஷ்டமாக இருக்கிறது" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அவர் தீர்வு சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

நான் முதலில் கேட்ட கேள்விக்கு மட்டும் உடனே பதில் எழுதுங்கள் தம்பி. கேன்டீனில் என்ன நடந்தது என்பதை மெதுவாக எழுதலாம்.

அன்புடன்,
ஆலோசகர்