சுற்றுலா போகும்போது பல்லை எப்படிப் பார்த்துக்கொள்வது?

இரண்டு வாரப் பயணம் போகிறீர்கள். பிரஷ், பேஸ்ட் தவிர வேறென்ன எடுத்துப்போக வேண்டும், போன இடத்தில் பல்வலி வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டியை அப்புறம் பார்க்கலாம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று கூசும் பல் ஏதாவது இருக்கிறதா? "வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டிருக்கிறீர்களா?

நான் தள்ளிப்போட்டேன். கடைவாய்ப் பல் ஒன்றில் சொத்தைக் குழியை மூடிய பழைய அடைப்பு (ஃபில்லிங்), ஓரத்தில் லேசாகப் பெயர்ந்திருந்தது. நாக்குக்குத் தெரியும், ஆனால் வலி இல்லை. விமானம் மேலே ஏறியதும் அந்தப் பல் தாடையைப் பிளந்துகொண்டு வெளியே வரப் பார்த்தது. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம், ஏறக்குறைய 6000 முதல் 8000 அடி உயர மலைமேல் இருக்கும் அளவுக்குத்தான் இருக்கும். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். அடைப்புக்கு அடியில் சிக்கிய காற்றும் விரிந்து, போதாக்குறைக்கு உள்ளே நரம்பும் வீங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். இறங்கியதும் வலி நின்றுவிட்டது. அதை நம்பி ஊர் சுற்றினேன். நான்காம் நாள் சாப்பாட்டோடு அடைப்பும் சேர்ந்து வந்துவிட்டது. மொழி தெரியாத இடத்தில் பல் மருத்துவரைத் தேடியதில் ஒரு நாள் முழுக்கப் போயிற்று.

அதனால் கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பல்லைக் காட்டிவிடுங்கள். முந்தின நாள் போய் நிற்காதீர்கள். வேர் சிகிச்சை (ரூட் கேனால்) தேவைப்பட்டால் ஒரே நாளில் முடியும் என்று சொல்ல முடியாது. புதிதாக அடைத்த பல் கடிக்கும்போது உயரமாக இடித்தால், திரும்பப் போய்ச் சரிசெய்துகொள்ளவும் நாள் வேண்டும். சளி பிடித்திருக்கும்போது பறந்து மேல் கடைவாய்ப் பற்கள் மொத்தமாக வலித்தால், அது சைனஸின், அதாவது கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையின் வேலையாகவும் இருக்கலாம்.

பயணத்தில் பல்லைக் கெடுப்பது பெரும்பாலும் ராத்திரிதான். காலையில் எப்படியும் தேய்த்துவிடுவோம். இரவு களைத்து வந்து கட்டிலில் உட்கார்ந்தால் அவ்வளவுதான், எழுந்திருக்க மாட்டோம். தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறையும், பல்லில் படியும் அமிலத்தைக் கழுவ ஆள் இருக்காது. என் வழி, அறைக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியதும் நேராகக் குழாயடி. உட்காருவதெல்லாம் அப்புறம். ஃப்ளூரைடு உள்ள பேஸ்டாக இருக்கட்டும், பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 பிபிஎம் (ppm, பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) என்று அட்டையில் போட்டிருக்கும். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளூரைடும் சேர்ந்து போய்விடும். குழாய்த் தண்ணீர் குடிக்க லாயக்கில்லாத இடத்தில் பிரஷையும் குடிதண்ணீரில்தான் நனைக்க வேண்டும். கொப்பளிக்காததால் பாட்டில் தண்ணீரும் மிச்சம்.

ஈரப் பிரஷை மூடி போட்டுப் பையில் திணிக்காதீர்கள். நன்றாக உதறி, காற்றில் உலர்த்தி, ஓட்டை உள்ள மூடியால் மூடுங்கள்.

விமானத்தில் காற்று வறண்டிருக்கும், வாயும் வறளும். தலைசுற்றலுக்குப் போடும் மாத்திரைகளில் பலவும் வாயை உலர்த்தும். அந்த வறட்சிக்கு இனிப்புப் பானத்தை வழி நெடுக ஒவ்வொரு வாயாக உறிஞ்சுவதுதான் தப்பு. ஒவ்வொரு வாய்க்கும் பல்லில் அமிலம் புதிதாகக் கிளம்பும். குடித்தே ஆகவேண்டுமென்றால் ஒரேயடியாகக் குடித்துவிட்டு, மீதி நேரம் வெறும் தண்ணீர். வண்டியில் வாந்தி எடுத்தால் உடனே பல் தேய்க்கக் கூடாது. அமிலத்தில் இளகிய பல்லின் மேற்பூச்சு தேய்ந்துபோகும். தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத் தேயுங்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம். கைப்பையில் கொண்டுபோகும் பேஸ்ட் டியூப் 100 மில்லிக்குள் இருக்கட்டும், பல விமான நிலையங்களில் பேஸ்டையும் திரவக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். பல்லிடுக்கு நூல், உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரை, கொஞ்சம் பஞ்சு. மாத்திரையை விழுங்க வேண்டும். ஆஸ்பிரினை வலிக்கிற பல்லோரம் அடக்கி வைத்தால் ஈறு வெந்துவிடும். பல்லுக்குப் போட்ட கேப் கழன்றால் பத்திரமாக எடுத்து வையுங்கள், வீட்டுப் பசையால் ஒட்டிவிடாதீர்கள்.

கீழே விழுந்து நிரந்தரப் பல் முழுதாகப் பிடுங்கிக்கொண்டால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்காக இருந்தால் தண்ணீரில் லேசாக அலசி, வந்த குழியிலேயே வைத்துத் துணியைக் கடித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு. பால் பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது. முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால், அல்லது வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமாக இருந்தால், ஊர் திரும்பும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கூட வருபவர்கள் யாராவது கழற்றி மாட்டும் பல் கிளிப் போட்டிருக்கிறார்களா? அதற்கென்று ஒரு டப்பா கட்டாயம். சாப்பிடும்போது டிஷ்யூ காகிதத்தில் சுற்றி மேசைமேல் வைப்பார்கள், மேசை துடைக்க வருபவருக்கு அது குப்பை. என் அக்கா மகனுக்காக ஒரு உணவகத்தின் குப்பைத் தொட்டியை அரை மணி நேரம் கிளறியிருக்கிறேன். கிடைத்தது, இரண்டு துண்டாக.