அகல டயர் போட்டதால் கிளைம் போய்விடுமா?

கேள்வி: என் ஏழு சீட் எஸ்.யூ.வி.க்குக் கம்பெனி கொடுத்தது 265/65 ஆர்17 டயர் (அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம்). பார்க்கக் கம்பீரமாக இருக்கட்டுமே என்று 285/65 ஆர்17 போட்டேன். போன மாத மழையில், நிறுத்தியிருந்த வண்டிமேல் மரம் முறிந்து விழுந்து கூரை நசுங்கிவிட்டது. ‘டயர் அளவு மாற்றப்பட்டுள்ளது, பாலிசி நிபந்தனை மீறல்’ என்று கிளைமை நிராகரித்திருக்கிறார்கள். வழி உண்டா சார்?

பதில்: உண்டு. மரம் உங்கள் டயர் அகலத்தைப் பார்த்துவிட்டு விழவில்லை. உங்கள் வழக்கின் உயிர்நாடி இதுதான்.

கடிதத்தில் அவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைக் காட்டியிருப்பார்கள். வண்டியின் ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி மாற்றம் செய்யக்கூடாது என்கிறது அது. ‘மாற்றம்’ என்றால் என்ன என்றும் அதே பிரிவு சொல்கிறது: அடிப்படை அம்சமே மாறும்படி வண்டியின் கட்டமைப்பில் செய்யும் மாற்றம். உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். சொந்த உபயோக வண்டி என்பதால் டயர் அளவு அதில் இருக்காது. டயர் போட்டது கட்டமைப்பு மாற்றமே அல்ல என்று தாராளமாக வாதாடலாம்.

ஆனால் உங்கள் பக்கம் முழுச் சுத்தம் என்று சொல்லமாட்டேன். தயாரிப்பாளரின் அளவுகளை மீறக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் என்று முடிவானால் அதே சட்டத்தின் 182ஏ பிரிவின்படி ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறையும் கிடைக்கலாம். மழையில் வழுக்கி மோதியிருந்தால் என் பதிலும் வேறாக இருந்திருக்கும். அகல டயர் தேங்கிய நீரில் சீக்கிரம் மிதக்கும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அதைத்தான் முதலில் எழுதுவார்.

சரி, இப்போது செய்யவேண்டியது. மரம் விழுந்ததற்கும் டயருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு, இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலும் கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நடுவரான ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம் (என் பிழைப்புக்கு நானே வேட்டு வைக்கிறேன்). ஆனால் ஒரு வருடக் கெடு உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம். வரிசை முக்கியம்: ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்தை ஓம்பட்ஸ்மேன் எடுக்கமாட்டார்.

மீறல் இருந்தாலும் முழுத் தொகையையும் மறுக்காமல் 75 சதவீதம்வரை கொடுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2010-ல் ஒரு வழக்கில் சொன்னது. கம்பெனி பேரம் பேச வந்தால் அந்த எண்ணை மனதில் வையுங்கள். நீங்களாக அதிலிருந்து தொடங்காதீர்கள்.

அப்புறம், அடுத்த டயர். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் வண்டியின் கையேட்டையும் பாருங்கள். உங்கள் மாடலுக்கு என்று அதில் உள்ள அளவுகளுக்குள் தேர்ந்தெடுத்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. இப்போதைய டயர் பழையதைவிட உயரமும் கூட, 776 மில்லிமீட்டர் 802 ஆகியிருக்கிறது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 103-ல் போகும். அகலம்தான் வேண்டும் என்றால் 285/60 ஆர்17 உயரத்தில் கிட்டத்தட்ட பழைய அளவு. அதற்கும் ரிம் பொருந்தவேண்டும், லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் காட்டும் எண்) குறையக்கூடாது, பாலிசியிலும் எழுத்தில் சேர்க்கவேண்டும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, சக்கரத்துக்கு மேலே உள்பக்க பிளாஸ்டிக்கில் உரசிய தடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உடனே கழற்றுங்கள், ஆனால் கழற்றுமுன் நான்கு டயரையும் போட்டோ எடுத்து, பில்லோடு பத்திரப்படுத்துங்கள். விற்றுவிட்டால் ஆதாரத்தை மறைத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கிளப்பும்.